படிகாரத் தண்ணீரில் தோய்க்காத விளக்கு

காகித விளக்குக்கு வயர் இழுக்கும்போது எல்லாரும் இரண்டு நுனிகளையும் முறுக்கி மேலே டேப்பைச் சுற்றிவிடுவார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. சூட்டில் டேப்பின் பசை இளகிவிடும். பீங்கான் கனெக்டர் போட்டு, திருகை இறுக்கி, ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகுதான் கையை எடுப்பேன். அதற்குப் பிறகும் சந்தேகமாக இருந்தால் கழற்றி மறுபடி மாட்டுவேன். பெரும்பாலும் சந்தேகமாகத்தான் இருக்கும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு, சார். முடிச்சூர் வீட்டுத் தீ விபத்துக்கு மின்கசிவு காரணம் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அந்த மாடி அறையில் இருந்த ஒவ்வொரு இணைப்பும் நான் போட்டது. எதிலும் கசிவு இல்லை. நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். ஹேமநாத் ஆஸ்பத்திரியில் இறந்துபோய் ஒரு வாரம் ஆகிறது. எங்கள் வகுப்பு ஆசிரியர் ஏசுதாசன் சாரை நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்கள். மோசமான வயரிங்கில் மாணவர்களை வேலை செய்ய விட்டார் என்று அவர்மேல் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். வயரிங் நன்றாகத்தான் இருந்தது. அதை யாராவது சொல்ல வேண்டும்.

என் பெயர் ஜாய்சன். பகலில் நாவலூரில் ஒரு கம்பெனிக் கட்டடத்தில் எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். மாலையில் மேற்குத் தாம்பரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நடக்கும் ஒளிப்பதிவு, எடிட்டிங் வகுப்பு. ஏசுதாசன் சார் சினிமாவில் கேமரா உதவியாளராக இருந்து ஓய்ந்தவர். வகுப்பு முடிகிற சமயத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். இந்த வருடம் கேமரா ஹேமநாத்துக்கு. லைட் எனக்கு. நடிக்க டெபோரா. எங்கள் சர்ச்சில் பாட்டுக் குழுவில் இருக்கிற பெண்தான், வகுப்பில் எடிட்டிங் படிக்க வந்தவள்.

வாடகைக்கு லைட் எடுக்க வகுப்பில் வசதி இல்லை. அதனால் சைனா பால் செய்வோம் என்று சார் சொன்னார். உருண்டையான காகித விளக்கு. உள்ளே பல்பு எரியும். முகத்தில் விழுகிற வெளிச்சத்துக்கு நிழலே இருக்காது. சினிமாவில் எல்லாரும் பயன்படுத்துவதுதான். கடையில் கிடைப்பது அலங்காரத்துக்கு. சின்னப் பல்புதான் தாங்கும். எனக்குக் காகித வேலை புதிதல்ல. கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவில் பாதி வீட்டு நட்சத்திரம் நான் ஒட்டியது. கட்டுக்கம்பியை வளைத்துக் கூடு செய்தேன். டிரேசிங் பேப்பரைப் பூசணிக் கீற்று மாதிரி வெட்டி மைதாப் பசையில் ஒட்டினேன்.

நட்சத்திரத்துக்குள் எரிவது விடிவிளக்கு. இதற்குள் எரிய வேண்டியது இருநூறு வாட். அதனால் நானாக இரண்டு காரியங்கள் செய்தேன். காகிதத்தைப் படிகாரத் தண்ணீரில் தோய்த்துக் காயவைத்தேன். சலூனில் சவரம் முடிந்ததும் தேய்ப்பார்களே, அதே படிகாரம்தான். அதில் தோய்த்த காகிதத்தில் சூடு பட்டால் கருகும், சுடர்விட்டு எரியாது. இன்னொன்று, பல்பைச் சுற்றி ஒரு கம்பி வளையம். காற்றில் விளக்கு ஆடினாலும் பல்பு காகிதத்தைத் தொடாமல் அது பார்த்துக்கொள்ளும்.

முதல் விளக்கை வகுப்புக்குக் கொண்டுபோன அன்று ஹேமநாத் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"இன்னாடா இது, கல்யாண வூட்டு சீர்தட்டு மாதிரி ஜோடிச்சு எடுத்தாந்துகீற?"

எரியவைத்துக் காட்டினேன். அணைத்துவிட்டுக் காகிதத்தைத் தொட்டுப் பார்த்தேன். மறுபடி எரியவைத்தேன், மறுபடி தொட்டுப் பார்த்தேன். டெபோரா சிரித்துவிட்டாள்.

"இவன் சரியான தோமா. இயேசுவோட காயத்துல விரல விட்டுப் பார்த்தாத்தான் நம்புவான்."

"யாரு அது தோமா?" என்றான் ஹேமநாத்.

"பரங்கிமலையில இருக்காரே, அவர்தான்."

"ஓ, மவுண்ட் ஸ்டேஷன் பார்ட்டியா!"

அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். ஹேமநாத் கெட்டவன் இல்லை, சார். வகுப்பு முடிந்ததும் தன் பைக்கில் என்னைச் சேலையூர் வரை கொண்டுவந்து விடுவான். பன் வாங்கினால் பாதியைப் பிய்த்துக் கொடுப்பான். அவன் கிண்டல் செய்யும்போது நானும் சிரித்திருக்கிறேன். என்மேல் எனக்கே நம்பிக்கை கிடையாது; அவனுக்கு மட்டும் எப்படி இருக்கும் என்றுதான் நினைத்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்து டைரி எழுதும்போது அன்றைக்கு என்ன தப்புச் செய்தேன் என்றுதான் முதலில் எழுதுவேன். நல்ல பழக்கம் என்று எங்கள் பாஸ்டர் ஒருமுறை சொன்னார்.

முடிச்சூர் வீடு ஹேமநாத்தின் சித்தப்பாவுடையது. கட்டி முடிக்கிற நிலையில் இருந்தது. மொட்டை மாடியில் ஒரே ஒரு அறை. ஒரு கதவு, கிரில் போட்ட இரண்டு ஜன்னல்கள். கதையில் அது இரவு. நாங்கள் எடுத்தது பகலில். அதனால் ஜன்னல்களைக் கறுப்புக் கம்பளியால் மூடிவிட்டோம். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இன்னும் போடவில்லை. மாடிக் காற்றில் அது ஷாட் நடுவே அடித்துக்கொண்டது, சத்தமெல்லாம் கேமரா மைக்கில் விழுந்தது. ஆகவே ஒவ்வொரு ஷாட்டுக்கும் நான் வெளியே வந்து தாழ்ப்பாள் போட்டுவிடுவேன். அந்த அறைக்கான ஃப்யூஸ் போர்டும் வெளியேதான், கதவை ஒட்டின சுவரில். உள்ளே ஹேமநாத் "லைட்ஸ் ஆஃப்" என்பான். நான் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டுக் கதவைத் திறப்பேன். பல்பு சூடாறினால்தான் விளக்கை இடம் மாற்ற முடியும், அதற்காக அப்படி ஒரு வழக்கம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு தப்புச் செய்தேன். புருஷன் இனிமேல் வரமாட்டான் என்று தெரிந்துகொண்ட பெண் தனியாக உட்கார்ந்து அழுகிற காட்சி. டெபோரா கிளிசரின் இல்லாமல் அழுதாளாம். நான் பார்க்கவில்லை, வெளியே நின்றேன். எனக்குக் கருகுகிற வாசனை வந்தது. யாரையும் கேட்காமல் ஃப்யூஸைப் பிடுங்கிக் கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே ஒன்றும் கருகவில்லை. பக்கத்துக் காலி மனையில் யாரோ சருகைக் கொளுத்தியிருந்தார்கள்.

ஹேமநாத் கேமராவைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"இன்னாத்துக்குடா புடுங்கின?"

"கருகற மாதிரி இருந்தது."

"உன் மூக்க நம்பியாடா படம் எடுக்கறேன்? அந்தப் பொண்ணு உசுர வுட்டு அழுதுகினு கீது. இவரு வந்து கதவத் தொறக்கறாரு, சொர்க்கவாசல் மாதிரி."

டெபோராவும் கோபமாகத்தான் இருந்தாள். "விடு ஹேமா, அவன் என்ன பண்ணுவான், சந்தேகம் புடிச்சவன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவளுக்கு அழுகை வரவில்லை.

"நல்லா கேட்டுக்கோ மச்சான்" என்றான் ஹேமநாத். "இனிமே நான் ஆஃப்னு சொன்னாத்தான் ஃப்யூஸ்ல கை வெக்கிற. கதவையும் அப்பதான் தொறக்கிற. பூகம்பமே வந்தாலும் சரி."

அன்று கூட வந்திருந்த ஏசுதாசன் சார் அதையே வேறு விதமாகச் சொன்னார். "கேமராமேன் சொன்னாத்தாம்பா லைட். யூனிட்ல அதுதான் டிசிப்ளின்."

சரி என்றேன். என் மேல் தப்பு இருந்தது. அன்று டைரியில் அதைத்தான் எழுதினேன்.

வார நடுவில், எடுத்ததை வகுப்பில் டிவியில் போட்டுப் பார்த்தோம். குளோசப்பில் டெபோராவின் முகம் மங்கலாக, மஞ்சள் காமாலை வந்தவள் மாதிரி இருந்தது. படிகாரம் காகிதத்தை மங்கலாக்கியிருந்தது, அதை நான் மறுக்கவில்லை. கம்பி வளையத்தின் நிழல் பின்சுவரில் மெல்லிய கோடாக விழுந்திருந்தது. அதுவும் உண்மை.

"இத்தத் தூக்கிக் கடாசுடா தோமா" என்றான் ஹேமநாத். "எனக்குச் சுத்தமா ஒண்ணு குடு. படிகாரமும் வேணாம், பல்லாவரமும் வேணாம். ஐந்நூறு வாட் போடு. மூஞ்சி அப்படியே மின்னணும்."

"பேப்பர் தாங்காது" என்றேன்.

"எப்பவும் இதையே சொல்லிகினு கீறான் சார் இவன்."

ஏசுதாசன் சார் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு நிமிஷ ஷாட்டுதானேப்பா. ஒண்ணே ஒண்ணு பிளெயினா பண்ணிக் குடுத்துடேன்."

பண்ணிக் கொடுத்தேன். ஆனால் அதற்கு முன்னால், எனக்குச் சந்தேகம் வந்தால் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், படிகாரத்தில் தோய்க்காத, வளையம் இல்லாத ஒரு விளக்கைத் தொங்கவிட்டு ஐந்நூறு வாட் பல்பைப் போட்டேன். முதலில் பல்புக்கு மேலே காகிதம் பழுப்பானது. பிறகு அந்தப் பழுப்புக்கு நடுவே ஓட்டை விழுந்தது. பிறகு ஓட்டையின் விளிம்பில் தீப் பிடித்து, கூடு முழுக்க ஒரே மூச்சில் எரிந்து கீழே விழுந்தது. இன்னொன்று ஒட்டி மறுநாளும் பார்த்தேன். அதே மாதிரிதான் எரிந்தது. ஹேமநாத் எடுக்க நினைத்த ஷாட்டின் நீளத்துக்குக் கூட அது தாங்கவில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தாங்காது என்று ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருந்தேன். சோதித்துப் பார்த்தாயா என்று யாரும் கேட்கவில்லை. அதைவிட, சார், எனக்கு அது பழக்கமில்லாத ஒரு நிலை. என் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு விஷயம் எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்திருந்தது. அன்று டைரியில் தப்பு என்று எழுத ஒன்றும் இல்லை. நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த ஞாயிறு, காலை ஆராதனை முடிந்ததும் டெபோராவும் நானும் ஷேர் ஆட்டோவில் முடிச்சூர் போனோம். அவள் வழி முழுக்க ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். விளக்கு என் மடியில் இருந்தது. "அழகா இருக்குடா, இதுதான் வெள்ளையா இருக்கு" என்றாள். ஆமாம் என்றேன். ஏசுதாசன் சாருக்கு உறவில் ஒரு கல்யாண வரவேற்பு. மதியத்துக்கு மேல் வருவதாகச் சொல்லியிருந்தார். ஆகவே நாங்கள் மூன்று பேர்தான்.

ஐந்நூறு வாட் பல்பை மாட்டி, ஃபேன் கொக்கியில் விளக்கைத் தொங்கவிட்டேன். குளோசப் என்பதால் தாழ்வாக இறக்கச் சொன்னான் ஹேமநாத். இறக்கினேன். கீழே புது ஃபோம் மெத்தை, பாலிதீன் உறைகூடப் பிரிக்காதது. அதன் மேல் சேலையை விரித்து டெபோரா உட்கார்ந்தாள். மூலையில் நான் எப்போதும் ஒரு வாளி மணல் வைப்பேன். அது ஃப்ரேமில் தெரிகிறது, தள்ளி வை என்றான். எடுத்துக்கொண்டுபோய் வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். வெளியே வைக்கச் சொல்லி அவன் சொல்லவில்லை. அது நான் செய்தது. எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டேன். ஏர்போர்ஸ் விமானம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அடங்கக் காத்திருந்து ஃப்யூஸைச் செருகினேன். கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. உள்ளே ஹேமநாத், "ஆஹா, லைட்டு சும்மா அள்ளுது, டெபோ... ஆக்‌ஷன்" என்றான்.

கொஞ்ச நேரத்தில் கருகுகிற வாசனை வந்தது. நான் மாடிக் கைப்பிடிச் சுவர் வரை போய்ப் பக்கத்து மனையைப் பார்த்தேன். அன்று யாரும் எதையும் கொளுத்தவில்லை. திரும்பி வந்து போர்டுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"ஹேமா, ஏதோ கருகுது" என்றாள் டெபோரா.

"வுட்றாத, வுட்றாத, அப்படியே போ, சூப்பரா வருது."

அதற்குப் பிறகு அவள் கத்தினாள். காட்சியில் கத்துகிற இடம் கிடையாது. கதவைத் தட்டினார்கள். முதலில் கையால், பிறகு உடம்பால். புது மரம், நல்ல தேக்கு, அசையவில்லை. கதவுக்கு அடியில் வெளிச்சத்தின் நிறம் மாறியது, பிறகு புகை வந்தது. டெபோரா என் பெயரைச் சொன்னாள். தோமா என்று இல்லை, ஜாய்சன் என்றுதான். நான் தாழ்ப்பாளில் கையை வைத்திருந்தேன். கேமராமேன் சொன்னால்தான் திறக்க வேண்டும் என்பது பேச்சு. டெபோரா கேமராமேன் இல்லை.

எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறவன் நான். அதை மட்டும் குறித்துக்கொள்ளவில்லை.

பிறகு ஃப்யூஸைப் பிடுங்கினேன், கதவைத் திறந்தேன். டெபோரா என்மேல் வந்து விழுந்தாள். ஜன்னலிலிருந்து கிழித்த கம்பளி ஒன்று அவள் மேல் சுற்றியிருந்தது, அவன்தான் சுற்றிவிட்டிருக்கிறான். அவளுக்குக் கைகள் இரண்டும் வெந்திருந்தன. ஹேமநாத் கதவருகில் இல்லை. மெத்தைக்கு அந்தப் பக்கம், ஜன்னல் கிரில்லைப் பிடித்தபடி கிடந்தான். தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த மணலைக் கொண்டுவந்து கொட்டினேன், தண்ணீரை ஊற்றினேன், அவனை வெளியே இழுத்துப் போட்டேன். சட்டை எது, தோல் எது என்று தெரியவில்லை. கீழே ஓடி ஆட்டோ பிடித்தது நான்தான். ஆஸ்பத்திரியில் அவன் சில நாள் இருந்தான். பேச்சு வரவில்லை.

எல்லாரும் என்னிடம் மிகவும் அன்பாக இருந்தார்கள். டெபோராவின் அம்மா வார்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கர்த்தர்தான் உன்னை அங்க நிறுத்தியிருக்காரு தம்பி" என்று அழுதார். ஹேமநாத்தின் அப்பா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கதவு புது மரம், வெக்கையில் உப்பிப் பிடித்துக்கொண்டது என்று டெபோரா உங்கள் ஆட்களிடம் சொல்லியிருக்கிறாள். அவளாக அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாள். கட்டுப்போட்ட கைகளைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நாங்க கத்தினது உனக்குக் கேக்கலையாடா?"

"விமானச் சத்தத்துல கேக்கல" என்றேன்.

விமானம் போன பிறகுதான் ஃப்யூஸைச் செருகினேன் என்று முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். அவளிடம் சொன்னது பொய். நான் சாதாரணமாகப் பொய் சொல்கிறவன் இல்லை.

ஏசுதாசன் சாரை விட்டுவிடுங்கள். அவர் சொன்னது தப்பாக இருக்கலாம், ஆனால் எரியும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இரண்டு முறை எரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் கவனக்குறைவு என்று எழுதினாலும் சரி, கொலை என்று எழுதினாலும் சரி, நான் கையெழுத்துப் போடுகிறேன். மின்கசிவு என்று மட்டும் எழுத வேண்டாம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. கேமராமேன் சொல்வதற்காகக் காத்திருந்தேன் என்றேன் அல்லவா. உள்ளேயிருந்து ஹேமநாத் சொன்னான், சார். "லைட்ஸ் ஆஃப், லைட்ஸ் ஆஃப், தொறடா டேய்" என்றான். டெபோரா கத்த ஆரம்பித்த உடனேயே சொன்னான். கதவுக்கு அந்தப் பக்கம் வாயை வைத்துச் சொன்னான். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. அப்போதே திறந்திருக்கலாம். நீ சொன்னது சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்வான், சொன்னதும் திறந்துவிடலாம் என்று நின்றேன். அவ்வளவு நேரமும், கடைசிவரைக்கும், அவன் அதைச் சொல்லவே இல்லை.